நான்கு சக்கரமும் இழுக்கட்டும்!



மழைக்காலத்தில் சேற்றில் மாட்டிக்கொண்ட வேனைப் பார்த்திருக்கிறீர்களா? டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். இன்ஜின் உறுமுகிறது. பின் சக்கரம் ஒன்று மட்டும் சர்ரென்று சுற்றிச் சேற்றை வாரி இறைக்கிறது. வேனோ இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. முன் சக்கரங்கள் இரண்டும் தமக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் சும்மா நிற்கின்றன!

அந்த முன் சக்கரங்களையும் வேலை வாங்கினால் என்ன? இந்தக் கேள்விக்காகத் தம் வாழ்நாளின் கடைசிப் பத்து ஆண்டுகளையும், பெரும் பணத்தையும் செலவிட்டார் ஒரு விவசாயியின் மகன். அவர் பெயர் ஹாரி ஃபெர்குசன். சிவப்பு நிற டிராக்டர்களில் மாஸி ஃபெர்குசன் என்று எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்களே, அதே ஃபெர்குசன்தான்!

அயர்லாந்துத் தீவின் வடபகுதியில் டவுன் என்று ஒரு மாவட்டம். அங்கே ட்ரோமோர் என்ற ஊருக்கு அருகில் குரோவெல் என்னும் சிற்றூரில் 1884 நவம்பர் 4-ஆம் தேதி ஹாரி பிறந்தார். வீட்டில் மொத்தம் பதினொரு குழந்தைகள், ஹாரி நான்காவது. தந்தை மிகவும் கண்டிப்பானவர். 14 வயதில் பள்ளியை நிறுத்திவிட்டு வயல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். நாள் முழுதும் குதிரை ஏரின் பின்னால் நடப்பது ஹாரிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது அந்த வயல் அனுபவம்தான். கலப்பை மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது, ஈர மண்ணில் கால் எப்படி வழுக்குகிறது என்பதையெல்லாம் எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்?

1902-இல் அண்ணன் ஜோ பெல்ஃபாஸ்ட் நகரில் நடத்திய சைக்கிள், கார் பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேர்ந்தார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் கலந்துகொண்டார்.

அப்போதுதான் விமான மோகம் பிடித்தது. ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்துவிட்டார்கள் அல்லவா? 1909-இல் பிரான்சில் நடந்த விமானக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த ஹாரி, கடையிலேயே ஒரு விமானத்தைக் கட்டத் தொடங்கினார். முடிந்ததும் அதை ஒரு காரின் பின்னால் கட்டி, பெல்ஃபாஸ்ட் தெருக்கள் வழியாக இழுத்துக்கொண்டு ஹில்ஸ்பரோ என்ற இடத்துக்குப் போனார்கள். தெருவில் நின்ற மக்கள் எப்படி வேடிக்கை பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்! காற்றும் மழையும் பல நாட்கள் தடுத்தன. ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று விமானம் எழும்பியது. பறந்த தூரம் சுமார் 120 மீட்டர்தான். ஆனாலும் அயர்லாந்து மண்ணில் விமானத்தில் பறந்த முதல் மனிதர் ஹாரி ஃபெர்குசன் ஆனார். அப்போது அவருக்கு வயது 25.

1911-இல் அண்ணனை விட்டுப் பிரிந்து தனியாகக் கடை வைத்தார். கார்களோடு டிராக்டர்களும் விற்றார். முதல் உலகப் போர் வந்தது. நீர்மூழ்கிக் கப்பல்கள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்ததால் பிரிட்டனில் தானியத் தட்டுப்பாடு. உழும் நிலத்தை அதிகரிக்க வேண்டும். 1917-இல் அயர்லாந்து முழுவதும் சுற்றி, டிராக்டர்களும் கலப்பைகளும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு ஃபெர்குசனிடம் வந்தது. வில்லி சாண்ட்ஸ் என்ற திறமையான மெக்கானிக்கையும் உடன் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

அங்கே அவர் கண்ட ஆபத்து என்ன தெரியுமா?

அந்தக் கால டிராக்டர்கள், மாடு வண்டியை இழுப்பதுபோலக் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்தன. கலப்பையின் முனை மண்ணுக்குள் இருக்கும் பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால் கலப்பை நின்றுவிடும். ஆனால் இன்ஜின் நிற்காது! பின் சக்கரம் சுற்ற இடமில்லாமல் டிராக்டரின் முன்பகுதி மேலே எழும்பும். சில வினாடிகளில் டிராக்டர் பின்பக்கமாகக் குப்புறக் கவிழ்ந்து, ஓட்டுபவரை நசுக்கிவிடும். இப்படிப் பல உழவர்கள் உயிரிழந்தார்கள். கவிழாமல் இருக்க டிராக்டரை மிகவும் கனமாகச் செய்தார்கள். கனமான டிராக்டரோ ஈர வயலில் அமிழ்ந்தது, மண்ணையும் கெட்டியாக்கியது.

ஃபெர்குசன் வேறு விதமாகச் சிந்தித்தார். கலப்பையைக் கட்டி இழுக்காமல், டிராக்டரோடு ஒரே உடம்பாக இணைத்தார். கீழே இரண்டு தண்டுகள், மேலே ஒரு தண்டு. மொத்தம் மூன்று இடத்தில் பிடிப்பு. கலப்பை பாறையில் மோதினால் மேல் தண்டு டிராக்டரை முன்னால் தள்ளும். அதனால் முன் சக்கரங்கள் தரையிலேயே அழுந்தி நிற்கும். கவிழாது! அது மட்டுமா? உழும்போது கலப்பையை மண் கீழே இழுக்கும் விசை பின் சக்கரங்களின் மேல் இறங்கும். டிராக்டர் லேசாக இருந்தாலும் சக்கரத்துக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கருவி, மண்ணின் இறுக்கத்துக்கு ஏற்பக் கலப்பையைத் தானே ஏற்றி இறக்கும். உங்கள் ஊர் டிராக்டரின் பின்பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். எந்தக் கம்பெனி டிராக்டராக இருந்தாலும் இந்த மூன்று தண்டுகள் இருக்கும்.

சொல்வதற்கு ஒரு பத்தி போதும். செய்து முடிக்க அவருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! 1933-இல் கறுப்பு வண்ணம் பூசிய முதல் மாதிரி டிராக்டர் உருவானது. 1936-இல் டேவிட் பிரவுன் என்பவரோடு சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

1938-இல் ஒரு டிராக்டரைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். பார்க்கப்போனது சாதாரண ஆளை அல்ல. கார் உலகின் சக்கரவர்த்தி ஹென்றி ஃபோர்டு! அவருடைய பண்ணையிலேயே உழுது காட்டினார். பிறகு வயலிலேயே ஒரு மேசையைப் போட்டு, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு சின்ன பொம்மை டிராக்டரை அதன்மேல் வைத்து விளக்கினார். ஃபோர்டுக்குப் பிடித்துப்போயிற்று. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான் ஒப்பந்தம்! பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை.

1939 முதல் 1947 வரை ஃபோர்டு தொழிற்சாலையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் ஃபெர்குசன் முறையில் தயாராயின. ஆனால் 1947-இல் முதியவர் ஹென்றி ஃபோர்டு காலமானார். நிர்வாகத்துக்கு வந்த பேரன், தாத்தாவின் கை குலுக்கலை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, அதே முறையில் சொந்தமாக டிராக்டர் செய்து விற்றார். ஃபெர்குசன் வழக்குத் தொடுத்தார். அவர் கேட்ட இழப்பீடு 25 கோடியே 10 லட்சம் டாலர். நான்கு ஆண்டுகள் இழுத்த வழக்கு 1952-இல் சமரசத்தில் முடிந்தது. கிடைத்தது 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர். கேட்டதில் மிகச் சிறிய பங்குதான். எழுதி வாங்கியிருந்தால் இத்தனை துன்பம் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் சுபாவமே அப்படி. தம் கண்டுபிடிப்பின்மேல் அவ்வளவு நம்பிக்கை. கூடவே கொஞ்சம் பிடிவாதமும்!

இதற்கிடையே 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன டிராக்டர் உருவாகத் தொடங்கியது. ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரே ஒரு ஸ்பேனரைக் கொண்டு பெரும்பாலான நட்டுகளைக் கழற்றி மாட்டலாம். லண்டனில் உள்ள கிளாரிட்ஜஸ் என்ற ஆடம்பர ஓட்டலின் படிக்கட்டுகளில் இந்த டிராக்டரை ஃபெர்குசனே ஓட்டி இறங்கிக் காட்டினார்! 1958 ஜனவரியில் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஃபெர்குசன் டிராக்டர்களில்தான்.

1953-இல் ஃபெர்குசனின் கம்பெனி, மாஸி ஹாரிஸ் என்ற கனடா நாட்டுக் கம்பெனியோடு இணைந்தது. மறு ஆண்டே அவர் விலகிக்கொண்டார். வயது 70-ஐ நெருங்கியது. கையில் நிறையப் பணம். ஓய்வெடுக்க அழகான பண்ணை வீடு. ஆனால் அவர் மனம் வேறொன்றில் ஓடிக்கொண்டிருந்தது. டிராக்டர் கவிழ்ந்து உழவர்கள் சாவதைத் தடுத்தாயிற்று. சாலையில் கார்கள் வழுக்கி மக்கள் சாகிறார்களே, அதற்கு என்ன செய்வது?

இந்த இடத்தில் இரண்டு பந்தய வீரர்கள் கதைக்குள் வருகிறார்கள். ஒருவர் ஃப்ரெடி டிக்சன். மற்றவர் டோனி ரோல்ட். ரோல்ட்டின் கதை தனியாக எழுத வேண்டியது! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டு, கோல்டிட்ஸ் என்ற கோட்டைச் சிறையில் இருந்தார். அங்கே கைதிகள் சிலர் பரணில் பொய்ச்சுவர் எழுப்பி, அதன் பின்னால் யாருக்கும் தெரியாமல் ஒரு கிளைடர் விமானத்தையே கட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் ரோல்ட்டும் ஒருவர். அது பறப்பதற்குள் 1945-இல் விடுதலையாகிவிட்டார்கள்.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் கார் வழுக்காது என்பது டிக்சன், ரோல்ட் இருவருடைய நம்பிக்கை. நண்டு என்று செல்லப் பெயரிட்டு ஒரு சோதனைக் கார்கூடச் செய்து பார்த்தார்கள். பணம்தான் இல்லை. ஃபெர்குசன் கைகொடுத்தார். 1950-இல் ஹாரி ஃபெர்குசன் ஆராய்ச்சிக் கம்பெனி பிறந்தது. கிளாட் ஹில் என்ற சிறந்த பொறியாளர் வந்து சேர்ந்தார்.

நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான் போரிலேயே இருந்ததே, இதில் என்ன புதுமை என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

பள்ளியில் டிரில் நேரத்தில் நான்கு பேர் கைகோத்து வரிசையாக நடந்து, அப்படியே வளைந்து திரும்பிப் பாருங்கள். உட்பக்கம் இருப்பவர் மெதுவாக நடப்பார். வெளிப்பக்கம் இருப்பவர் ஓட வேண்டியிருக்கும். வண்டி திரும்பும்போதும் இப்படித்தான். வெளிச் சக்கரம் அதிகம் சுற்ற வேண்டும். அதற்காகவே இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கரப் பெட்டி இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் லாரியைப் பின்னாலிருந்து பார்த்தால், இரு சக்கரங்களுக்கும் நடுவில் பானைபோல் உருண்டையாகத் தெரியுமே, அதற்குள்தான் இருக்கிறது. (தள்ளி நின்று பாருங்கள். லாரிக்கு அடியில் புகவே கூடாது!)

அந்தப் பெட்டியில் ஒரு குறை. எந்தச் சக்கரம் எளிதாகச் சுற்றுகிறதோ, அதற்கே சுழற்சி முழுவதும் போய்விடும். சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவது அதனால்தான்.

இப்போது முன் சக்கரங்களையும் இணைக்கலாம். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் போகும் தூரம் வேறு, பின் சக்கரங்கள் போகும் தூரம் வேறு. ஜீப்பில் முன்னும் பின்னும் விறைப்பாக இணைக்கப்பட்டிருந்தன. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாதே! பற்சக்கரங்கள் ஒன்றை ஒன்று முறுக்கித் தேய்ந்துவிடும். அதனால் ஜீப் ஓட்டுபவர் சேறு வந்தால் ஒரு லீவரைப் போட்டு முன் சக்கரங்களைச் சேர்ப்பார். நல்ல ரோடு வந்ததும் பிரித்துவிடுவார்.

ஃபெர்குசனுக்கு இது போதவில்லை. கார் வழுக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தா ஒருவர் லீவரைப் போடுவார்? எல்லா நேரமும் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். ஓட்டுபவர் எதையும் தொடக் கூடாது. இதற்காக முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு டிஃபரென்ஷியல் வைத்தார்கள். ஒரு பக்கம் அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றத் தொடங்கினால், தானாகவே கவ்விப் பிடித்து நிறுத்தும் அமைப்பையும் அதில் சேர்த்தார்கள். வழுக்கும் சக்கரத்துக்குப் போகும் வலிமை, வழுக்காத சக்கரங்களுக்குத் திரும்பிவிடும்! திடீரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் இறுகி நின்று சறுக்காதபடி, விமானங்களில் இருந்த பிரேக் முறையையும் காரில் பொருத்தினார்கள்.

சோதனைக் கார்கள் அருமையாக ஓடின. ஃபெர்குசன் கார்க் கம்பெனிகளைத் தேடிப் போனார். எல்லோரும் பார்த்தார்கள், பாராட்டினார்கள். ஆனால் செலவு அதிகம் என்று சொல்லி ஒருவரும் வாங்கவில்லை. பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின. டிக்சன் 1956-இல் இறந்துவிட்டார். ஃபெர்குசனின் உடல்நலமும் மனநலமும் குன்றின.

உலகம் நம்ப வேண்டுமானால் பந்தயத்தில் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. பி 99 என்ற பந்தயக் கார் உருவாகிக்கொண்டிருந்தது. அது பந்தயத்தில் ஓடுவதைப் பார்க்க ஃபெர்குசன் இல்லை. 1960 அக்டோபர் 25 அன்று, தமது 75-ஆம் வயதில் பண்ணை வீட்டில் காலமானார்.

பதினொரு மாதம் கழித்து, 1961 செப்டம்பர் 23. இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் பந்தயத் திடல். ஈரமான தளம். மற்ற கார்களின் வீரர்கள் வழுக்காமல் போக மிகவும் சிரமப்பட்டார்கள். ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய பி 99 ஈரத்தைப் பொருட்படுத்தாமல் முன்னேறி வெற்றி பெற்றது! ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றில் நான்கு சக்கரமும் இழுக்கும் கார் ஜெயித்தது அந்த ஒரே ஒருமுறைதான்.

1966-இல் ஜென்சன் எஃப்.எஃப். என்ற கார் விற்பனைக்கு வந்தது. எஃப்.எஃப். என்றால் ஃபெர்குசன் ஃபார்முலா. இன்ஜின் வலிமையில் 37 பங்கு முன்னுக்கும் 63 பங்கு பின்னுக்கும் போனது. ஆனால் அதன் அமைப்பில் இடது பக்கம் ஸ்டியரிங் வைக்க இடமில்லை. அமெரிக்காவில் விற்க முடியவில்லை, விலையும் அதிகம். மொத்தம் 320 கார்களோடு நின்றுவிட்டது.

ரோல்ட் விடவில்லை. 1971-இல் எஃப்.எஃப். டெவலப்மென்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். புதிதாகக் கார் செய்தால்தானே செலவு? ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண வண்டிகளையே மாற்றிக் கொடுத்தால்? இப்படி மாற்றப்பட்டவற்றில் பெட்ஃபோர்டு வேன்களும் உண்டு.

ஒரு வேனை மாற்றுவது சும்மா இல்லை. கியர் பாக்ஸுக்குப் பின்னால் வலிமையைப் பங்கிடும் ஒரு பெட்டியைப் பொருத்த வேண்டும். அதிலிருந்து முன்பக்கத்துக்கு ஒரு புதிய தண்டு போக வேண்டும். முன்னால் எண்ணெய்த் தொட்டி இடிக்கும். அதன் வடிவத்தை மாற்ற வேண்டும். முன் சக்கரங்களுக்கு நடுவே ஒரு டிஃபரென்ஷியல் வேண்டும். முன் சக்கரங்கள் சுற்றினால் மட்டும் போதாது, இடமும் வலமும் திரும்பவும் வேண்டுமே! அதற்காக மணிக்கட்டுபோல வளைந்துகொண்டே சுற்றும் இணைப்புகள் வேண்டும். இத்தனையும் சேர்ந்தால் வேனின் எடை கூடும். டீசலோ பெட்ரோலோ கொஞ்சம் அதிகம் குடிக்கும்.

பங்கிடும் பெட்டியில் ஒரு விந்தையான பொருளும் இருந்தது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே கெட்டியான வெல்லப் பாகை ஊற்றி, ஒன்றின்மேல் ஒன்றை வேகமாகத் திருப்பிப் பாருங்கள். பாகு இழுத்துப் பிடிக்கும். ஃபெர்குசன் ஆராய்ச்சிக் கம்பெனியார் பாகுக்குப் பதில் சிலிக்கோன் திரவத்தை ஊற்றி, பல வட்டத் தகடுகளை அதற்குள் வரிசையாக வைத்தார்கள். ஒரு தகடு முன் சக்கரத்தோடு சேர்ந்தது, அடுத்தது பின் சக்கரத்தோடு. எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும்வரை திரவம் சாதுவாக இருக்கும். ஒரு பக்கம் வழுக்கி வேகமெடுத்தால், திரவம் தகடுகளை இழுத்துப் பிடிக்கும். மேலிருந்து யாரும் லீவர் போட வேண்டாம். ஃபெர்குசன் ஆசைப்பட்டது இதைத்தானே!

1980-களில் பெரிய கார்க் கம்பெனிகள் பலவும் எல்லா நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களைச் செய்யத் தொடங்கின. பாகுத் தகடு முறையும் பல கார்களில் இடம்பிடித்தது.

ஃபெர்குசன் மறைந்த அதே 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் நம் ஊர் வயல்களுக்கு வந்தது அதன் வழியாகத்தான்.